ஃபியூஸ் எங்கே இருக்கிறது?

காருக்கு ஆம்பிலிஃபையர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ்?" அடுத்தது, "எவ்வளவு குறைப்பீங்க?" ஃபியூஸை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பவர்கள் அபூர்வம். தீபாவளிக்கு முன் ஒலிக்கருவி பொருத்தும் கடைகளில் கூட்டம் நிற்கும் நேரம் இது. கேட்டுவிடுங்கள்.

அந்த ஃபியூஸ் ஆம்பிலிஃபையரைக் காப்பாற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பாற்றுவது ஒயரை. ஒரு மைவியை எடுத்துக்கொள்வோம். பேட்டரி முன்னால், ஆம்பிலிஃபையர் பின்னால் பூட்டில். நடுவே நான்கைந்து மீட்டர் ஒயர், இஞ்சின் பக்கத்துத் தகட்டைத் துளைத்து உள்ளே வந்து, கார்ப்பெட்டுக்கு அடியில், பின்சீட்டில் பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தைக் கடந்து போகிறது. துளையின் கூரிய விளிம்பில் உரசி உரசி ஒருநாள் மேலுறை கிழிகிறது. காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ் அல்லவா? ஒயர் அதைத் தொட்ட கணமே பேட்டரியில் இருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஒயர் பழுக்கும், கார்ப்பெட் பற்றும். ஆம்பிலிஃபையரில் இருக்கும் ஃபியூஸ் அப்போது எதற்கும் உதவாது. மின்சாரம் அதுவரை போய்ச் சேரவே இல்லையே! சாவியைத் திருப்பி அணைத்தாலும் பயனில்லை; அந்த ஒயர் பேட்டரியில் நேரடியாக மாட்டப்பட்டது.

ஆகவே பாசிட்டிவ் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள், அதாவது 45 சென்டிமீட்டருக்குள், முதன்மை ஃபியூஸ் இருக்கவேண்டும். ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். இவ்விரண்டுக்கும் ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒருமுறை வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுவதைவிடக் குறைவு.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '1000 வாட்ஸ்' எண்ணை மறந்துவிடுங்கள், அது விளம்பரம். ஆர்எம்எஸ் என்று சின்னதாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். 400 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் 'கிளாஸ் டி' ஆம்பிலிஃபையர், முழுச் சத்தத்தில் சுமார் 40 ஆம்பியர் இழுக்கும். பூட் வரை போக 4 கேஜ் செம்பு ஒயர் போட்டு, 60 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் நிம்மதி. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதாக மாற்றுவது, காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல.

மலிவு ஒயரில் ஒரு சூது உண்டு. வெளியே செம்பு முலாம், உள்ளே அலுமினியம். அதே தடிமனில் அது செம்பைவிடக் குறைந்த மின்சாரத்தையே தாங்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அதுதான்.

நெகட்டிவ் ஒயரும் அதே தடிமனில், குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கப்படவேண்டும். இது சரியில்லாவிட்டால் எண்ணெயை மிதிக்க மிதிக்க 'ஙீ...' என்று ஒரு சத்தம் பாட்டோடு சேர்ந்து ஏறும். ராஜா சாரின் வயலினுக்கு நடுவே அது கேட்டால், என்னைப்போல் வானொலிக்காரனுக்கு அன்றைய பொழுதே போச்சு.

வேலை தொடங்குமுன் மோதிரம், காப்பு, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கடைசியில் அதையே மாட்டவேண்டும். காரணம் எளிது. பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டாலும், நெகட்டிவ் கழன்றிருந்தால் பொறி பறக்காது. சார்ஜ் ஏறும் பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் பொறி அங்கே ஆபத்து.

போர்ட்டிக்சன் கடற்கரையில் இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்றால், 10 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பாதி தீர்ந்துவிடும். வண்டி கிளப்பும் பேட்டரி ஆழமாக வற்றினால் அதன் ஆயுளும் குறையும். முனைகளில் 12.2 வோல்ட் காட்டினால் பாட்டை நிறுத்துங்கள். முழு பேட்டரிக்கு 12.6.

திருவிழாவுக்கு லோரியில் ஒலிபெருக்கி கட்டுகிற இளைஞர்களே, பெரிய லோரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். இரண்டிலும் சேர்த்து மாட்டினால் 12 வோல்ட் ஆம்பிலிஃபையர் கருகும். 'ஒன்றில் மட்டும் எடுத்தால் போச்சு' என்பார்கள். அப்படிச் செய்தால் அந்த ஒன்று வற்றிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை, அதற்கும் முன்னால் ஒரு ஃபியூஸோடு, வாங்கி மாட்டுங்கள்.