அஞ்சு செகண்ட் மௌனம்

இத்தாலியில் இவ்ரேயா என்று ஓர் ஊர். அங்கே ஒரு மதுக்கடைக்கு, 1002-ல் ராஜாவான அர்துயினின் பெயர். 2005-ல் அவ்வூர் டிசைன் கல்லூரியில் மாஸிமோ பான்ஸி கோஷ்டி, மாணவர்களுக்காக மலிவாக ஒரு எலெக்ட்ரானிக் போர்டு செய்து அந்தக் கடையின் பெயரையே வைத்துவிட்டது. ஆர்டுயினோ! ராஜாவுக்கு இப்படியும் ஒரு மறுபிறவி.

இதில் 'ஊனோ' மாடல் சீட்டுக்கட்டைவிடச் சின்னது. வேலை செய்கிற ஞாபகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது. ஆனால் யுஎஸ்பி ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், அது யோசிக்கும், இது ஸ்விட்ச் போடும். போர்டுக்குள் ஒரு குட்டி புரோகிராம்: '1' வந்தால் ஆன், '0' வந்தால் ஆஃப். கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் நாலு வரி. பைசீரியல் என்ற இலவச சமாசாரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் நாள் எல்லோரும் தலையைச் சொறிவார்கள். '1' அனுப்பியாச்சு, விளக்கு எரியலை! காரணம், கம்ப்யூட்டர் தொடர்பைத் திறந்ததுமே ஊனோ ரீசெட் ஆகும். புது புரோகிராம் ஏற்ற வசதியாகச் செய்த ஏற்பாடு அது. தூங்கி எழுந்த பிள்ளையிடம் உடனே கடைக்குப் போகச் சொல்வீர்களா? இரண்டு செகண்ட் பொறுத்துச் சொல்லுங்கள். தவிர, நீங்கள் அனுப்பும் '1' என்ற எழுத்து அங்கே 49 என்ற எண்ணாகத்தான் போய்ச் சேரும். ஆஸ்கி கணக்கு. பி.காம். படித்தவனுக்குக் கையாடல் மாதிரி தோன்றும்.

விளக்கு வரைக்கும் விளையாட்டுதான். மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட ரிலே வைத்து ஒரு 12 வோல்ட் பம்ப்பை மாட்டுகிறீர்கள். '1' அனுப்பு, முப்பது செகண்ட் கழித்து '0' அனுப்பு. நடுவில் கம்ப்யூட்டர் ஹேங்! யுஎஸ்பியில் கரண்ட் மட்டும் வந்துகொண்டிருக்கும். '0' வரவே வராது. போர்டு ராஜவிசுவாசி, கடைசி உத்தரவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

"ஸார், உங்க வீட்டுத் தண்ணி எங்க ஹால் வரைக்கும் வந்துடுச்சு..."

எனவே நிறுத்துகிற அதிகாரத்தைப் போர்டிடமே கொடுங்கள். பம்ப் ஓடும் வரை கம்ப்யூட்டர் செகண்டுக்கொரு தடவை 'இருக்கேன்' என்று ஓர் எழுத்து அனுப்பட்டும். போர்டிலிருக்கும் மில்லிஸ் கடிகாரத்தில் கடைசிச் சேதி வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அஞ்சு செகண்ட் மௌனம் என்றால் பம்ப்பை அணை. அவ்வளவுதான், மூன்று நாலு வரி. அந்தக் கடிகாரம் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் (மறுபடி 49!). 'இப்போதைய நேரத்திலிருந்து கடைசி நேரத்தைக் கழி' என்று எழுதினால் அதுவும் பாதிக்காது.

எழுதியதும் பம்ப்பை ஒரு வாளியில் போட்டு ஓட விட்டு, பாதியில் பைத்தானை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பரீட்சை இல்லை. கரண்ட் போனால் யார்தான் நிற்க மாட்டார்கள்?