புண்பட்டது எவர் மானம்?

திருச்செங்கோட்டு மலைமீது கோயில் கொண்டிருக்கும் மாதொருபாகனை நீங்கள் அறிவீர்கள். பாதி ஆண், பாதி பெண். ஓருடலில் ஈருரு! இப்படியொரு வடிவத்தை முதன்முதல் மனத்திலே கண்டவன் எவனோ, அவன் பெயரை வரலாறு காத்து வைக்கவில்லை. ஆனால், அவன் கவிஞன் என்பதில் ஐயமென்ன?

அந்தத் தெய்வத்தின் பெயராலேதான், வாசகரே, ஒரு கற்பனைக்குக் கொள்ளி வைத்தனர். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வெளிவந்தது 2010-இல். நான்காண்டுக் காலம் எவர் மனமும் புண்படவில்லை! 2014 டிசம்பரில் திடீரென்று புண்பட்டது. நூலைக் கொளுத்தினர், கடைகளை அடைக்கச் செய்தனர். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' நடந்தது. அமைதியாம்! ஒருபுறம் திரண்டு வந்த கூட்டம். மறுபுறம் ஓர் எழுத்தாளர். நிபந்தனையற்ற மன்னிப்புக்குக் கையெழுத்து வாங்கினர். தம்முள் இருந்த எழுத்தாளன் மாண்டுவிட்டதாக அவர் அறிவித்தார்.

புனிதத்தின் மேல் கற்பனை கை வைக்கலாமா என்று கேட்கின்றனர். கேட்பவர்கள் பெரியபுராணத்தைப் புரட்டிப் பார்த்ததுண்டா? மணப்பந்தலில் அடிமை ஓலை நீட்டிய கிழவேதியரைப் பித்தன் என்று ஏசுகிறார் சுந்தரர். இறைவன் ஊரடைப்பா நடத்தினான்? (அவன் வழக்காடியதும் ஓலைக்காகத்தான், ஏச்சுக்காக அன்று.) அந்தச் சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்கிறான்! பின்னொரு நாள், பரவையின் ஊடல் தீர்க்க, நள்ளிரவில் திருவாரூர்த் தெருவிலே தூது நடக்கிறான், அதுவும் இருமுறை. காதலர்க்கிடையே தூது போகும் கடவுள்! புராணத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். சேக்கிழார் பாடினால் பக்தி, நாவலாசிரியர் எழுதினால் பாதகம் என்பது எந்த ஊர் நியாயம் என்பதே என் கேள்வி.

அந்த நாவலிலே உண்மையாகப் புண்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள். பொன்னா. கணவன் காளி அவளை உயிராய் நேசிக்கிறான். ஊரோ, பிள்ளையில்லை என்ற ஒன்றைச் சொல்லி நாள்தோறும் நாவால் சுடுகிறது. திருவிழா இரவில் முகமறியா ஆடவனைத் தெய்வமாகக் கொண்டு பிள்ளைப்பேறு தேடும் வழக்கமொன்று கதையில் வருகிறது. அங்கேதான் இவர்களுக்குச் சுட்டது! பொன்னாவின் கண்ணீருக்குக் கலங்காதவர்கள், குலத்தின் தூய்மைக் கணக்கிலே கறை விழுமோ என்று கலங்கினர். சாதியின் மானத்துக்குத் தெய்வத்தின் பெயரைச் சூட்டினர்.

1943-ஐ நினைத்துப் பாருங்கள். கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்பதே அன்றைய கேள்வி. இதைவிடக் கொதிப்பான கேள்வி வேறென்ன? ஒருபுறம் அண்ணா. எதிரே, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். இரு தரப்புக்கும் ஒரே மேடை, சொல்லுக்குச் சொல். திருச்செங்கோட்டுக்கு அண்டை ஊரல்லவா சேலம்!

2016 ஜூலை 5-இல், அந்தக் கையெழுத்து எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது சென்னை உயர்நீதிமன்றம். 'பூனாச்சி' அவ்வாண்டே வந்தது. மகிழ்ச்சி. ஆனால், இடையில் அவர் நாமக்கல்லை விட்டுச் சென்னைக்குப் பெயர நேர்ந்ததே, அதற்கு யார் பொறுப்பு? நாளை இன்னோர் ஊரில் இன்னொரு நூலுக்கெதிராகக் கூட்டம் கிளம்பலாம். அன்று ஆட்சியாளரிடம் கேளுங்கள், வாசகரே: காவலை எழுத்தாளன் வாசலில் நிறுத்தப் போகிறீர்களா, மன்னிப்புக் காகிதத்தை அவன் முன் நீட்டப் போகிறீர்களா?