பட்டியலில் இல்லாத காய்ச்சல்

வட மாநிலங்களில் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் தலைதூக்குவது மழை நன்கு இறங்கிய பிறகு, ஆகஸ்ட் மாதத்தில். அது தணிவதற்கு அக்டோபர் இறுதியாகிவிடும். நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஆகஸ்டிலேயே முடிந்துவிடுகிறது. குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்க நவம்பர் பிற்பகுதியோ டிசம்பரோ ஆகிறது. ஆக, இந்தக் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அவை கூடியிருப்பதில்லை. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், டெங்குவின் பருவமும் ஏறத்தாழ இதுவேதான். டெங்குவைப் பற்றி இரு அவைகளிலும் கேள்விகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அரசின் பட்டியலில் இடம்பெற்ற நோய்க்கும் இடம்பெறாத நோய்க்கும் உள்ள வேறுபாடு அது.

ஸ்கரப் டைபஸ் புதிய நோயன்று. புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் சிற்றுண்ணிகளின், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்புழுக்கள் கடிக்கும்போது உடலில் புகும் பாக்டீரியாவால் இது வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அசாம் - பர்மா போர்முனையில் ஆயிரக்கணக்கான நேச நாட்டு வீரர்களைப் படுக்கையில் தள்ளிய நோய் இது. 1948-ல் மலாயாவில் குளோராம்பெனிகால் மருந்து இதைக் குணப்படுத்துவது உறுதியானது. பின்னர் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வந்தன. மருந்து கிடைத்ததும் நோய் மறந்துபோயிற்று. மருத்துவ மாணவர்களின் பாடநூலில் சில வரிகளாகச் சுருங்கியது. கடந்த கால் நூற்றாண்டில்தான் இமாசலப் பிரதேசம் முதல் மேகாலயம் வரை, ஒடிசா முதல் தமிழகம் வரை இது மீண்டும் அடையாளம் காணப்பட்டு வருகிறது. இன்றைய மருந்து டாக்சிசைக்ளின். உரிய நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது. ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய்தான்.

அப்படியானால் ஏன் சாகிறார்கள்? இன்ன நோய் என்று தெரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதே விடை.

இந்நோயைக் கண்டுபிடிப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி ஆகிய அறிகுறிகள் மழைக்காலத்தின் எல்லாக் காய்ச்சல்களுக்கும் பொதுவானவை. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவதால் டெங்கு என்று எண்ணத் தோன்றும். வழக்கமான ரத்தக் கல்ச்சர் பரிசோதனையில் இந்தக் கிருமி வளராது. பழைய வெயில்-ஃபீலிக்ஸ் பரிசோதனை பாதிப் பேரைத் தவறவிட்டுவிடக் கூடியது. எலிசா முறையிலான ஐ.ஜி.எம். பரிசோதனை நம்பகமானது, ஆனால் அதுவும் எதிர்ப்பணுக்கள் உருவான பிறகே, அதாவது ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே பலன் தரும். அதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. எலிசா தட்டு ஒன்றில் 96 குழிகள். ஒன்றிரண்டு நோயாளிகளுக்காக அதைத் திறந்தால் வீணாகும் என்று போதிய மாதிரிகள் சேரும்வரை ஆய்வகங்கள் காத்திருக்கின்றன. நோயாளி காத்திருக்க முடிவதில்லை.

பணம் செலவாகாத தடயம் ஒன்று இருக்கிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு சிறிய கறுத்த புண். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாமல் இருக்கக்கூடும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பகத்தின் கீழோ ஒளிந்திருக்கும். எல்லா நோயாளிகளிடமும் இது காணப்படுவதில்லை என்றாலும், கண்டுவிட்டால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால், ஒரு மணி நேரத்தில் அறுபது பேரைப் பார்த்து அனுப்பும் மருத்துவர் யாருடைய ஆடையை விலக்கிப் பார்க்கப் போகிறார்? வயலில் களையெடுத்தும் மாட்டுக்குப் புல்லறுத்தும் இந்த நோயைப் பெறுபவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். ஆண் மருத்துவர் மட்டுமே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் புண் பார்க்கப்படாமலே போகிறது.

கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் குடும்பம் ஒன்று இந்தக் காய்ச்சலுடன் அலையும் வழி ஏறத்தாழ முன்கூட்டியே வகுக்கப்பட்டதுதான். முதலில் ஊரில் 'ஜோலா சாப்' என்று அழைக்கப்படும், பையுடன் திரியும் போலி மருத்துவர். ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுகோஸ். மூன்றாம் நாள் அருகிலுள்ள சிறுநகரத்தின் தனியார் மருத்துவமனை. அங்கே வைடால் பரிசோதனை செய்து டைபாய்டு என்று சொல்லி செஃப்ட்ரியாக்சோன் போடுவார்கள். விலை உயர்ந்த மருந்துதான்; ஆனால், செல்லுக்குள் ஒளிந்து வாழும் இந்தக் கிருமியிடம் அந்த வகை மருந்து எடுபடாது. பிறகு தட்டணு எண்ணிக்கை, டெங்கு சந்தேகம். ஏழாம், எட்டாம் நாள் மூச்சுத் திணறலோ வலிப்போ வந்த பிறகு மருத்துவக் கல்லூரி. அதற்குள் ஆடோ மாடோ விற்றாகிவிட்டது. பிழைத்து வருவோரிலும் மூளை பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்குக் கேட்கும் திறன் குறைந்துவிடுகிறது. குழந்தைகள் சிலர் முன்பு பேசியதுபோல் பேசுவதில்லை.

கோரக்பூரின் கதை இதற்குப் பெரிய சான்று. 1978 முதல் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அப்பகுதிக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் கொண்டுபோனது. உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர் 'திமாகி புகார்'. 2005-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அப்போது முதன்மைக் காரணம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். 2006-ல் சீனாவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் போடப்பட்டது. அந்த நோய் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் சாவு நிற்கவில்லை. தண்ணீரால் பரவும் வைரஸ் என்றார்கள். காரணம் தெரியாதவை எல்லாம் 'தீவிர மூளைக்காய்ச்சல் அறிகுறித் தொகுப்பு' என்ற நீண்ட பெயரின் கீழ் அடைக்கப்பட்டன. பெயர் ஒன்று சூட்டிவிட்டால் நோயைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அதிகாரிகளுக்கு வந்துவிடுகிறது போலும்.

2012-ல் மத்திய அமைச்சரவை இதற்கெனச் சுமார் 4,038 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தமிழகம் உள்பட 5 மாநிலங்களின் 60 மாவட்டங்கள் அதில் அடங்கும். தடுப்பூசி, குடிநீர், துப்புரவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, மறுவாழ்வு என எல்லாமே தேவையானவைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால், கோரக்பூர் குழந்தைகளை உண்மையில் கொல்வது எது என்ற கேள்விக்கு அப்போது முழுமையான விடை இருக்கவில்லை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தினரும் மற்ற ஆய்வாளர்களும் 2015-லும் அதற்குப் பிறகும் நடத்திய ஆய்வுகளில்தான், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சரிபாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்கரப் டைபஸ் தொற்றின் அடையாளம் இருப்பது தெரியவந்தது. இதன் பிறகே அப்பகுதிச் சுகாதார நிலையங்களில், காரணம் புலப்படாத காய்ச்சலுடன் வரும் குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடக்கத்திலேயே கொடுக்கும் முறை வந்தது.

2017 ஆகஸ்டில் கோரக்பூர் பி.ஆர்.டி. மருத்துவக் கல்லூரியில் சில நாட்களில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது ஆக்சிஜன் சிலிண்டர் பற்றிய சர்ச்சை தலைப்புச் செய்தியாயிற்று. ஆக வேண்டியதுதான். ஆனால், மூளைக்காய்ச்சல் வார்டை நிரப்பிய குழந்தைகளில் எத்தனை பேர் மாத்திரையிலேயே குணமாகி வீட்டில் இருந்திருக்கலாம் என்ற கேள்வியை எந்தக் கட்சியும் எழுப்பவில்லை. அதன் பின் உத்தரப் பிரதேசத்தில் மூளைக்காய்ச்சல் சாவுகள் வெகுவாகக் குறைந்துள்ளதாக மாநில அரசு கூறுகிறது. அந்தப் பெருமை யாருக்கு என்பதில் இன்று போட்டி. ஆனால் 2021-ல் அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியில் காய்ச்சல் பரவியபோது முதல் நாட்களில் செய்தி வந்தது 'மர்மக் காய்ச்சல்' என்றுதான். பிரோசாபாத்தில் பெரும்பாலும் டெங்கு என்று பின்னர் தெரிந்தது. மதுரா மாவட்டத்தில் ஸ்கரப் டைபஸும் கண்டறியப்பட்டது. ஒரே மாநிலத்தின் கிழக்கில் கற்ற பாடம் மேற்கே போய்ச் சேரவில்லை.

இதற்கு அரசு அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. கொசுவும் பிற பூச்சிகளும் பரப்பும் நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ஆறு நோய்கள் உள்ளன: மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், காலா அசார், யானைக்கால். ஸ்கரப் டைபஸ் அதில் இல்லை. பட்டியலில் இருந்தால் பரிசோதனைக் கருவிக்கு ஒதுக்கீடு உண்டு. மாவட்ட அதிகாரிக்குப் பொறுப்பு உண்டு. மாதந்தோறும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்துத்தான் உறுப்பினர் கேள்வி கேட்க முடியும். இல்லாத நோய்க்குக் கணக்கும் முழுமையாக இல்லை. கணக்கு இல்லாததால் நோய் பெரிதாகத் தெரிவதும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-லேயே இவ்வகை நோய்களுக்குத் தெளிவான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வழிகாட்டி இருக்கிறது, வழிகாட்டியதைச் செய்யக் கடமைப்பட்டவர் யார் என்பது எழுதப்படவில்லை.

சுகாதாரத் துறையின் எழுத்து மூலமான பதில்களைப் படித்துப் பழகியவர்களுக்கு முதல் வாக்கியம் மனப்பாடம்: 'பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பொருள்'. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6-வது இனம் அதைத்தான் சொல்கிறது. மலேரியாவுக்கும் அதே அட்டவணைதான். ஆயினும் 1953 முதல் அதற்குத் தேசியத் திட்டம் நடக்கிறது. எனவே அந்த வாக்கியத்தைத் தடையாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று.

பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது; ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். புறநோயாளியாகச் சென்று செய்யும் பரிசோதனைக்குக் காசில்லை. நுரையீரலும் சிறுநீரகமும் செயலிழந்து வென்டிலேட்டரில் கிடக்கும்போது அரசு லட்சக்கணக்கில் கொடுக்கும். ஆறாம் நாள் காய்ச்சலில் சில நூறு ரூபாய்ப் பரிசோதனைக்குக் கொடுக்காது. இந்தக் கணக்கு நிதியமைச்சகத்துக்கே லாபமானதன்று.

அமெரிக்காவில் உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் வரலாறு இங்கு ஒப்பிடத்தக்கது. கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில், பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குவதைக் கண்ட தாய்மார் இருவர் 1975-ல் விடாமல் முறையிட்டதால்தான் ஆய்வே தொடங்கிற்று. அங்கும் பரிசோதனை தொடக்க நாட்களில் நோயைக் காட்டாது. அங்கும் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அலைந்ததாகக் குமுறினர். அவர்கள் உறுப்பினர்களை நெருக்கி, 2016-ல் நிறைவேறிய ஒரு சட்டத்தின் வழியே உண்ணி நோய்களுக்கான குழு ஒன்றை அமைக்க வைத்தனர். அதில் நோயாளிகளுக்கும் இடமிருந்தது. 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் அக்குழு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. அங்கே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. லைம் நோய் பற்றிய சச்சரவு இன்னும் ஓயவில்லை. ஆனால், நோயாளியின் குரல் அவைக்குள் நுழைந்தது. நம் நாட்டில் புல்லறுக்கும் பெண்ணுக்கு அப்படி நெருக்குவதற்கு வழியில்லை. அவர் சார்பில் பேச வேண்டியவர் அவரது தொகுதி உறுப்பினர்தான்.

காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகும் என்று மருத்துவர்கள் சிலர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. பரிசோதனையை அருகில் கொண்டுவருவதே அதற்கு மாற்று. மேலும், இப்போது தவறான ஆன்டிபயாடிக்குகள் தாராளமாகவே கொடுக்கப்படுகின்றன என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவுக்கு நம் நாட்டில் குறைவில்லை. முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023-ல் உலகுக்கு நிரூபித்தது வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் நடத்திய ஆய்வுதான். தமிழகப் பொது சுகாதாரத் துறையும் 2025 தொடக்கத்தில் சென்னை, திருவள்ளூர், வேலூர் முதலிய மாவட்டங்களைக் குறிப்பிட்டு எச்சரிக்கை விடுத்தது. தென்னகத்தில் இந்தக் காய்ச்சல் கூடுவது மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில். அப்போது குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்.

தேசியத் திட்டத்தில் ஏழாவதாக ஒரு பெயரைச் சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. சுகாதார அமைச்சகத்தின் ஆணையும், மாவட்ட மருத்துவமனைகள்தோறும் எலிசா கருவிக்கான நிதியும், புண்ணைத் தேடிப் பார்க்கச் செவிலியர்களுக்கு ஒருநாள் பயிற்சியும் போதும். 'ஸ்கரப் டைபஸ் நோயைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கும் உத்தேசம் அரசுக்கு உண்டா. இல்லையெனில் காரணம் என்ன?' என்று தமிழக உறுப்பினர் ஒருவர் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி கொடுத்தால், அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்லியாக வேண்டும். துணைக் கேள்விகளுக்கும் இடம் உண்டு. அதற்கு 15 நாட்களுக்கு முன் அறிவிப்புக் கொடுத்தால் போதும்.