வன்னி வீடும் வழுக்குந் தரையும்

வீட்டைச் சிறப்பிப்போர் கூரையின் உயரத்தைக் கூறுவர்; சுவரின் வனப்பைக் கூறுவர்; வாயிற்கதவின் வேலைப்பாட்டைக் கூறுவர். தரையைப் பற்றிப் பேசுவார் சிலரே. குழந்தை தவழ்வதும், முதியோர் பாய்விரித்துப் படுப்பதும், விருந்தினர்க்கு இலை போடுவதும், நெல் மூடை அடுக்குவதும் தரைமேலன்றோ? ஆயினும் வீடு கட்டுவோர் அதனைக் கடைசி வேலையாக ஒதுக்கிக் கைப்பணந் தீர்ந்தபின்னரே நினைக்கின்றனர். வன்னி நிலத்துக்கு இவ்வழக்கம் சற்றும் பொருந்தாது என்பதே எமது துணிபு.

வன்னியை உலர் வலயமெனப் பாடநூல்கள் வகுக்கும். ஆண்டில் 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமுன் கொட்டித் தீர்கின்றது. 2008 இல் வந்த நிஷா புயலும், 2018 மார்கழி வெள்ளமும், 2025 கார்த்திகையில் வந்த டித்வா புயலும் உலர் வலயமென்னும் பெயரை நம்பியிருத்தலாகாது என்பதைக் காட்டிச் சென்றன. வெள்ளம் வடிந்தாலும் ஈரம் எளிதில் வடிவதில்லை. மண்ணின் நுண்டுளைகள் வழியே மேலேறிச் சுவரில் உவராய்ப் பூக்கும். பாயிற் பூஞ்சணம் படரும். நெல் மூடையின் அடி பழுதாகும்.

நம் முன்னோர் மண்தரையைச் சாணத்தால் மெழுகினர். அது செலவற்றது, கோடையிற் குளிர்ச்சி தருவது. எனினும் மாரியில் அத்தரை ஈரத்தை உறிஞ்சும். புழுவுக்கும் கறையானுக்கும் இடங்கொடுக்கும். மெக்சிக்கோ நாட்டின் கோஆவிலா மாநிலத்திற் சென்ற நூற்றாண்டின் முடிவை ஒட்டி மண்தரை வீடுகளுக்கு அரசே சீமெந்துத் தரை இட்டுக் கொடுத்தது. அவ்வீட்டுக் குழந்தைகளிடையே குடற்புழுவும் வயிற்றோட்டமும் இரத்தச்சோகையும் பெரிதுங் குறைந்தமையை 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவிற்று. தரை அழகுப்பொருளன்று, உடல்நலத்தின் காவல் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

போர் முடிந்தபின் மீளக்குடியமர்ந்தோர்க்கு 2012 முதல் இந்திய உதவித் திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு சுவரெழுப்பிக் கூரையிட்டவர் பலர். தரைக்கு வந்தபோது கை வறண்டவரும் உளர். கடன்பட்டுப் பளபளக்கும் தரையோடு பதித்தவரும் உளர். ‘ரைல்ஸ்’ இல்லாத வீட்டிற் கலியாணம் பேச வருவார் என்ன நினைப்பார் என்னும் கூச்சமே இக்கடனுக்கு வித்து. இறுக்காத மண்மேற் பதித்த ஓடு இரண்டொரு மாரியிற் பொள்ளென ஒலிக்கும், பின் பெயரும். ஈரக்காலுடன் வரும் முதியோரை அது வழுக்கி வீழ்த்தும். பெயர்தல் ஓட்டின் குற்றமன்று, அடியின் குற்றம். வழுக்குதலோ மினுக்கத்தின் குற்றம்.

ஆதலின் பணத்தை முதலில் அடியிலே இடுக. சென்ற வெள்ளத்தின் கறை எவ்வளவு உயரத்தில் நின்றதோ அதற்கு மேலே தரைமட்டம் அமைதல் வேண்டும். அத்திவாரச் சுவரின் தலையிற் சீமெந்துச் சாந்தும் தாரும் பூசி ஈரத்தைத் தடுத்தல் வேண்டும். உள்ளே கிரவலை அரையடி அரையடியாக இட்டு, நீர் தெளித்து இடித்து இறுக்குக. அதன்மேற் கனத்த பொலித்தீன் விரித்து, மூன்று அங்குலக் கொங்கிறீற்று இடுக. அதன்மேல் ஒரு பங்கு சீமெந்தும் மூன்று பங்கு மணலுங் கலந்த சாந்தைப் பூசிச் சிவப்பு ஒட்சைட்டுத்தூள் சேர்த்துத் தேய்க்குக. ஏழு நாள் நனைந்த சாக்கினால் மூடி வைத்தல் இன்றியமையாதது; அவசரப்பட்டு உலரவிட்ட தரையே வெடிக்கின்றது. முற்றத்தை வாயிலினின்று வெளிப்புறமாகச் சாய்த்து மணல் பரப்புக. வாடைக்காலத்தைப் பாடிய நெடுநல்வாடை அரண்மனை முற்றத்திற் கொணர்ந்து பரப்பிய மணலையும் பாடாது விட்டதில்லை.

சீமெந்தும் மலிவன்றே எனச் சிலர் வினவலாம். உண்மையே. 2021 இல் ஆயிரம் ரூபா அளவில் விற்ற மூடை 2022 இல் இரண்டாயிரத்தைக் கடந்தது. ஆயினும் தரையோடு பதிப்பதற்குஞ் சீமெந்து வேண்டும். ஓட்டின் விலை அதற்கு மேற்செலவு. நன்கமைந்த சீமெந்துத் தரைமேல், கையிற் பணம் வந்த காலத்திற் சொரசொரப்பான ஓட்டைப் பதித்துக்கொள்ளலாம். அடி பழுதான ஓட்டுத்தரையையோ பெயர்த்தெடுத்தே திருத்தல் வேண்டும்.

வீட்டுதவி வழங்குவோர்க்கும் ஒன்று கூறுவோம். கூரை ஏறியதும் வீடு முடிந்ததெனக் கணக்கை மூடற்க. தரைக்கென ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கி, அத்தரை உறுதியாக முடிந்ததைக் கண்டபின்னரே வீடு நிறைந்ததெனக் குறித்தல் வேண்டும். வந்தவர் மெச்சுவது ஒரு நாள்; குழந்தை தவழ்வதோ நாள்தோறும். எதற்காகத் தரை அமைக்கின்றோம் என்பதைக் கட்டுவாருங் கட்டுவிப்பாருஞ் சிந்திப்பாராக.