காட்டுத் தீயும் வயல் தீயும்: குன்னூரும் குரங்கணியும் விவசாயிகளுக்குச் சொல்லும் பாடம்

கொரட்டூர்: சம்பா அறுவடை முடிந்து தை, மாசி மாதங்களில் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் போனால் வயல்களில் அங்கங்கே புகை எழுவதைப் பார்க்கலாம். இயந்திரம் அறுத்துவிட்டுப் போன அடிக்கட்டைக்கும் சிதறிய வைக்கோலுக்கும் தீ வைத்து, நவரை நடவுக்கு நிலத்தைத் தயார் செய்கிறார்கள். செலவில்லாத வேலை என்றுதான் பலரும் இதைச் செய்கிறோம். அதே மாதங்களில்தான் தமிழ்நாட்டு மலைகளில் காட்டுத் தீப் பருவமும் தொடங்குகிறது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

குன்னூரில் நடந்தது

2024 மார்ச் மாதம் நீலகிரி மாவட்டம் குன்னூர் அருகே ஃபாரஸ்ட்டேல் பகுதியில் காடு பல நாட்கள் எரிந்தது. தனியார் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சருகுகளுக்கு வைத்த தீ காட்டுக்குள் பரவியதாகச் செய்திகள் வந்தன. வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இரவு பகலாகப் போராடினார்கள். சரிவான இடங்களுக்குத் தீயணைப்பு வண்டி போக முடியவில்லை. கடைசியில் விமானப்படையின் ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. பெரிய வாளி போன்ற பையைக் கயிற்றில் தொங்கவிட்டு, நீர்நிலையில் தண்ணீர் மொண்டு, தீயின் மேல் கொட்டினார்கள்.

அப்படிக் கொட்டிய தண்ணீர் சுமார் 16,000 லிட்டர் என்று விமானப்படை தெரிவித்தது. கேட்க பெரிய அளவாகத் தெரியும். ஆனால் கோடையில் சென்னைத் தெருக்களுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியோடு ஒப்பிட்டால், அது இரண்டு லோடு கூட இல்லை. ஒரு ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டு, வீரர்களின் உயிரைப் பணயம் வைத்துக் கிடைத்தது அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் தீயின் வேகத்தைக் குறைக்கும். அதற்குப் பிறகு தரையில் ஆட்கள் இறங்கித்தான் முழுதாக அணைக்க வேண்டும்.

பணக்கார நாடுகளிலும் இதே நிலைதான். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய மலைகளில் தீப்பிடித்தபோது, தண்ணீர் கொட்டும் விமானங்கள் தயாராக இருந்தும், பலத்த காற்றால் முதல் நாள் இரவில் அவற்றைப் பறக்கவிட முடியவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன.

குரங்கணியில் போன உயிர்கள்

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மலையேற்றம் சென்றவர்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும் வழியில் தீயில் சிக்கினார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து போனவர்கள். 9 பேர் அங்கேயே இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் இருபதுக்கும் மேல். தகவல் கிடைத்ததும் முதலில் மலையேறிப் போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள் உள்ளூர் மக்களே.

அங்கே எரிந்தது பெரிய மரங்கள் அல்ல, காய்ந்த புல். ஆள் உயரப் புல் காய்ந்து நிற்கும்போது தீப்பிடித்தால் நிமிடங்களில் பரவும். சரிவில் தீ கீழிருந்து மேலே போகும்போது வேகம் இன்னும் கூடும். தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே காய வைத்துவிடுவதுதான் காரணம். மேல்நோக்கி ஓடும் மனிதனைவிடத் தீ வேகமாக ஓடும்.

காட்டுத் தீயை எப்படி அணைக்கிறார்கள்?

வீடு எரிந்தால் தண்ணீர் அடித்து அணைப்பது போல் காட்டில் முடியாது. எரிவதற்குப் பொருள் இல்லாமல் செய்வதுதான் அங்கே முறை. இதற்காகத் தீப் பருவம் தொடங்கும் முன்பே, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வனத்துறையினர் புல், புதர், சருகுகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். இந்த வேலைக்கும் காவலுக்கும் மலைக் கிராம மக்களைத் தற்காலிகமாக அமர்த்துகிறார்கள். தீ வந்தபின் பச்சைக் கிளைகளால் அடிப்பது, காற்று ஊதும் கருவியால் சருகைத் தள்ளுவது, தேவைப்பட்டால் எதிர்ப்புறமிருந்து கட்டுப்பாட்டோடு தீ வைத்து இடையில் உள்ளதை எரித்துவிடுவது என்று வேலை நடக்கும்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் மூலம் தீப்பிடித்த இடங்களைக் கண்டுபிடித்து மாநில வனத்துறைகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் அதன் இணையதளத்தில் பதிவு செய்து தங்கள் பகுதிக்கான எச்சரிக்கையைப் பெறலாம். ஆனால் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் நம் தலைக்கு மேல் வரும். மதியம் பற்றிய தீ, அடுத்த முறை அது கடக்கும்போதுதான் தெரியும். அதற்குள் காற்றடித்தால் தீ ஒரு மலையைத் தாண்டிவிடும். பக்கத்து நிலத்தில் இருப்பவரின் கண்தான் இன்றும் முதல் எச்சரிக்கை.

நம் வயல் தீயை என்ன செய்வது?

கொரட்டூரில் காடு இல்லை, ஏரியும் வீடுகளும்தான் இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். கோடையில் வற்றும் ஏரிகளில் காய்ந்து நிற்கும் கோரையும் புல்லும் அதே குரங்கணிப் புல்லைப் போலத்தான் பற்றும். திருவள்ளூர் மாவட்டத்தில் ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் காப்புக்காடுகளை ஒட்டியே பல கிராமங்களின் நிலங்கள் இருக்கின்றன. காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி குற்றம்.

நஷ்டம் நமக்கும்தான். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து இருக்கிறது. எரித்தால் அது ஏறக்குறைய முழுதும் காற்றோடு போய்விடும். அதைத் திரும்ப மண்ணுக்குக் கொடுக்க சுமார் 12 கிலோ யூரியா வாங்க வேண்டும். செலவில்லாத வேலை என்று நினைப்பதன் செலவு இது.

எரிக்காமல் செய்யக்கூடியவை:

- வைக்கோலை இயந்திரம் மூலம் கட்டி மாட்டுத் தீவனத்துக்கு வைக்கலாம் அல்லது விற்கலாம்.
- அடிக்கட்டையைத் தண்ணீர் கட்டி ரோட்டவேட்டரால் மடக்கி உழுது, மட்க விட்டு நடலாம்.
- தோட்டக்காரர்கள் காய்கறிக்கும் மரக்கன்றுக்கும் மூடாக்காகப் போடலாம்.
- தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசரை ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ வீதம் கலந்து மட்கு உரமாக்கலாம்.

காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ நிலம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:

- மாசி பிறக்கும் முன்பே நிலத்தின் எல்லையில் 10 அடி அகலத்துக்குப் புல், சருகு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.
- பீடி, சிகரெட் துண்டை அணைக்காமல் வீசாதீர்கள். மாடு மேய்ப்பவர்களிடமும் சொல்லுங்கள்.
- தெளிப்பானில் தண்ணீர் நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தீ சிறிதாக இருக்கும்போது ஒரு தெளிப்பான் தண்ணீரே போதும்.
- தீ கைமீறினால் தனியாக அணைக்க முயலாமல் 101 அல்லது 112-க்கு அழையுங்கள். வனத்துறைக்கும் சொல்லுங்கள்.
- தீயில் சிக்கினால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். ஏற்கனவே எரிந்து ஆறிய இடம், வெறும் மண், ஓடை என்று பார்த்துப் போங்கள். பருத்தித் துணியால் உடலை மூடுங்கள். நைலான், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

குன்னூரில் ஹெலிகாப்டர் வந்தது கடைசி நாட்களில். முதல் நாளில் அந்தச் சருகுக் குவியலை மட்க விட்டிருந்தாலோ, பக்கத்தில் ஆள் நின்று அணைத்திருந்தாலோ ஹெலிகாப்டருக்கு வேலை இருந்திருக்காது. இந்தக் கோடையில் தீப்பெட்டியை எடுக்கும் முன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தப் பக்கம் யாருடைய நிலம், என்ன காய்ந்து கிடக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். முடிந்தால் தீப்பெட்டியை எடுக்கவே வேண்டாம்.