பெரிலியம் ஃபாயிலும் டாக்ஸியில் முடிவான ஒரு எண்ணும்

பழைய நகையை விற்கப் போனால் இப்போது பல கடைகளில் உரைகல்லைத் தேடுவதில்லை. நகையை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தங்கம் இத்தனை சதவீதம், செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று திரையில் வந்துவிடுகிறது. விற்பவர் முகம் மாறுவதும் அப்போதுதான்!

காரட் மீட்டர் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டி எக்ஸ்ரே கதிரால் வேலை செய்கிறது. நகையில் பட்டுத் திரும்பும் கதிரை அளக்க உள்ளே ஒரு டிடெக்டர் இருக்கும். அதன் முகப்பில் பெரும்பாலும் ஒரு குட்டி ஜன்னல். அது கண்ணாடி இல்லை, பெரிலியம் என்ற உலோகத்தின் ஃபாயில். பல டிடெக்டர்களில் தலைமுடியை விட மெல்லியதாக இருக்கும். மார்பகப் புற்றுநோய் பரிசோதனைக்கான மேமோகிராம் எக்ஸ்ரே குழாயிலும் இதே உலோகத்தில்தான் ஜன்னல், கொஞ்சம் தடிமனாக.

ஏன் பெரிலியம்? அதன் அணு எண் 4. எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் எக்ஸ்ரே கதிர் தடையில்லாமல் புகுந்து போகும், ஆனால் காற்று புகாது. இதைவிட லேசான உலோகம் லித்தியம் ஒன்றுதான், அது காற்று பட்டாலே கெட்டுப்போகும். சில புதிய கருவிகளில் சிலிக்கன் நைட்ரைடு, கிராஃபீன் ஜன்னல்கள் வந்திருக்கின்றன. இருந்தாலும் பெரிலியத்தின் இடம் இன்னும் போகவில்லை.

இந்த உலோகம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. மரகதத்தில் பெரிலியம் இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் படியூரில் வெட்டியெடுத்து ரோமாபுரி வரை போன பெரில் கல்லிலும் இருக்கிறது. மரகத மோதிரம் போட்டு நோய் வந்தவர் யாரும் இல்லை. ஃபாயிலும் அப்படித்தான். முழுதாக இருக்கும்வரை அது சாது. (இதன் உப்புகள் இனிக்கும் என்பதால் முதலில் குளூசினியம் என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து வேதியியலாளர்கள் எதையும் நக்கிப் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது.)

ஆபத்து எல்லாம் தூசியில் இருக்கிறது. ஃபாயிலை அரம் போட்டுத் தேய்த்தால், துளை போட்டால், உருக்கினால், நொறுக்கினால் கண்ணுக்குத் தெரியாத துகள் காற்றில் கலக்கும். அது நுரையீரலுக்குள் போனால் சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரியாகிவிடுகிறது. எல்லோருக்கும் வராது. ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பத்து, இருபது வருடம் கழித்துக்கூட வரும். இருமல், மூச்சு வாங்குதல், எடை குறைதல் என்று ஒருவர் வந்து நின்றால் இங்கே முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். இருபது வருடத்துக்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? குணப்படுத்த மருந்து இல்லை, ஸ்டீராய்டு கொடுத்துத் தள்ளிப்போடலாம். 1993இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு பெரிலியத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

சரி, எவ்வளவு தூசி இருந்தால் பரவாயில்லை? இந்த உலோகத்தை அதிகம் கையாண்ட நாடு அமெரிக்கா. அங்கே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த விதம் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும்.

1940களில் டியூப்லைட்டின் உள்பூச்சுப் பவுடரில் பெரிலியம் சேர்த்தார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகரில் (நம்ம சேலம் அல்ல) டியூப்லைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு மூச்சுக் கோளாறு வந்தது. ஹாரியட் ஹார்டி என்ற பெண் மருத்துவரும் இர்விங் டேபர்ஷாவும் 1946இல் 17 பேரைப் பற்றி எழுதினார்கள். 1949இல் டியூப்லைட் கம்பெனிகள் பெரிலியத்தை விட்டன. அதே சமயத்தில் ஒஹையோவின் லொரெய்ன் ஊரில், ஆலைக்குள் காலே வைக்காத அக்கம்பக்கத்தவர்களுக்கும் இந்த நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் ஒருவர் ஆலையில் வேலை பார்த்த கணவரின் துணிகளைத் துவைத்தவர்.

அணுகுண்டு வேலைக்குப் பெரிலியம் வேண்டும், நிறுத்த முடியாது. அதனால் ஒரு எல்லை வகுக்க வேண்டியிருந்தது. அணுசக்தி கமிஷனின் மெரில் ஐசன்பட், வில்லார்ட் மேக்லே என்ற மருத்துவர், இருவரும் 1948இல் ஒரு கூட்டத்துக்கு டாக்ஸியில் போகும்போது அந்த எண்ணை முடிவு செய்தார்கள். மற்ற கன உலோகங்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் என்று வைத்திருந்தார்கள். (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.) பெரிலியத்தின் அணு எடை அவற்றில் சுமார் இருபதில் ஒரு பங்கு, எனவே 5. பாதுகாப்புக்காக இன்னும் கொஞ்சம் குறைத்தால் 2. அவ்வளவுதான் ஆராய்ச்சி! பின்னாளில் இதை வெளியே சொன்னவரும் ஐசன்பட்தான். 'டாக்ஸி அளவு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது.

அவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை. கையில் எந்தத் தகவலும் இல்லாத நேரத்தில் தற்காலிகமாக ஒரு எண் வைத்தார்கள், அதனால் கடுமையான பாதிப்புகள் குறையவும் செய்தன. தப்பு அதற்குப் பிறகு. அந்தத் தற்காலிக எண் 1971இல் ஓஷா எனப்படும் தொழில் பாதுகாப்புத் துறையின் சட்டமானது. 1975இல் அதைப் பாதியாக்க ஒரு முயற்சி நடந்தது. 1978இல் எரிசக்தி அமைச்சரும் பாதுகாப்பு அமைச்சரும் நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்சேபித்தார்கள். ஃபைல் தூங்கப் போனது. முதல் அணு உலையை உருவாக்கிய ஃபெர்மியின் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஹெர்பர்ட் ஆண்டர்சன், 1988இல் இதே பெரிலியம் நோயால்தான் இறந்தார்.

கடைசியில் 2017இல்தான் ஓஷா 2ஐ 0.2 ஆகக் குறைத்தது. அதுவும் 2012இல் முக்கியத் தயாரிப்பாளரும் எஃகுத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்தே ஒரு வரைவைக் கொடுத்த பிறகு. புதிய விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தால் வருடத்துக்கு 94 உயிர்கள் மிஞ்சும் என்றும், 46 பேருக்குப் புதிதாக நோய் வராமல் தடுக்கலாம் என்றும் ஓஷா கணக்கிட்டது. செலவு வருடத்துக்குச் சுமார் 7.4 கோடி டாலர், செலவு போக நிகரப் பலன் சுமார் 56 கோடி டாலர்.

இப்படி லாபமான கணக்கைப் போட ஏன் இத்தனை வருடம்? காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குப் பதில் தெரியும். மாஸ்க், காற்று உறிஞ்சி, தனி உடை எல்லாம் இந்த வருட லாப நட்டக் கணக்கில் செலவாக நிற்கும். இருபது வருடம் கழித்து ஒரு தொழிலாளி வாங்கும் ஆக்சிஜன் சிலிண்டர் எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் வராது. அது அவர் வீட்டுச் செலவு. ஃபாயிலின் அடக்கவிலையில் அதைச் சேர்க்காததால்தான் பாதுகாப்பு 'கட்டுப்படியாகாதது' போலத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு நகைக்கடைப் பக்கமே போகாமல் இருக்கத் தேவையில்லை. ஏழு சதுர மில்லிமீட்டரில், 25 மைக்ரான் தடிமனில் ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை சுமார் 0.3 மில்லிகிராம். வாடிக்கையாளருக்கு ஒன்றும் ஆகாது. கவலை வேறு ஆட்களைப் பற்றியது. ஃபாயிலை வெட்டும் பட்டறைத் தொழிலாளி, நாளெல்லாம் பழைய கருவிகளைப் பிரிக்கும் சர்வீஸ் ஆள், எக்ஸ்ரே குழாயைச் சுத்தியலால் உடைக்கும் காயலான் கடைப் பையன். இவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் ரொம்பக் கொஞ்சம். ஜன்னலை விரலால் தொடக்கூடாது, வியர்வை உப்பும் ஆசிட் ஆவியும் அதை அரிக்கும். உடைந்தால் ஊதக்கூடாது, துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. கையுறை போட்டு ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியோடு கவரில் போட்டு ஒட்டி, மேலே பெரிலியம் என்று எழுதித் தயாரிப்பாளரிடம் அனுப்ப வேண்டும். குப்பைத்தொட்டியில் போடவே கூடாது.

இது கருவியோடு வரும் ஆங்கிலக் கையேட்டில் எங்கேயோ இருக்கும். கையேடு ஓனரின் மேஜை டிராயரில் இருக்கும், துடைப்பம் வேறொருவர் கையில் இருக்கும். பெட்டியின் மேலேயே தமிழில் நாலு வரி ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன செலவாகிவிடும்?

ஸ்டிக்கர் காயலான் கடை வரை போகாது என்று ஒரு வாதம் வரலாம். உண்மைதான். அதற்கு சோடா பாட்டில் டெபாசிட் போல ஒரு ஏற்பாடு செய்யலாம். கருவியை விற்கும்போதே பில்லில் ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். டிடெக்டரையும் எக்ஸ்ரே குழாயையும் உடைக்காமல் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கட்டும், கொண்டுவருவது கடைக்காரரானாலும் சரி, காயலான் கடைக்காரரானாலும் சரி. உடைத்து எடுக்கும் உலோகத்தின் விலையை விட டெபாசிட் கூடுதலாக இருந்தால் சுத்தியலை எடுக்க யாருக்கும் அவசியம் வராது.