கிண்ணம் வேண்டாம், ஒரு கோச்சைத் தாருங்கள்

போன வருசம் பீடங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குக் கலைப்பீடப் பெண்கள் கூடைப்பந்தாட்ட அணிக்கு ஆள் தேடினார்கள். கலைப்பீடத்தில் பெண்கள்தான் பெரும்பான்மை. அப்படியிருந்தும் பெயர் கொடுக்க ஆளில்லை. கடைசியில், பாடசாலையில் வலைப்பந்து விளையாடியவர்கள் யார் யார் என்று விசாரித்துப் பிடித்தார்கள். அதில் எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த நாங்கள் மூன்று பேரும் அகப்பட்டோம். கூடைப்பந்தை எங்கள் கை தொட்டது அன்றைக்குத்தான். இருபத்தொரு வயதில்.

பந்து கைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டோம். வலைப்பந்தில் பந்தை வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று செக்கனுக்குள் அடுத்த ஆளுக்கு எறிந்துவிட வேண்டும். அந்தப் பழக்கம் காலைக் கட்டிப்போட்டது. "ஓடுங்கடி, தட்டிக்கொண்டு ஓடுங்க!" என்று வெளியே நின்று கத்தினார்கள். ஓடினோம், தட்ட மறந்துபோனோம். நடுவர் விசில் ஊதினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். ஹொஸ்டலுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அன்றிரவு எங்களுக்குள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஊரில் பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு எல்லாம் கிடைக்கிறது. கிண்ணம், ஜேர்சி, பேனர், பொன்னாடை, அதிதிகளோடு நின்று எடுத்த முகநூல் படம். ஒன்றே ஒன்றுதான் கிடைப்பதில்லை. சம்பளத்தோடு, பல வருசம் ஒரே இடத்தில் நின்று சொல்லித்தரும் ஒரு பெண் பயிற்றுவிப்பாளர்.

எங்களுக்கும் ஒருத்தர் இருந்தா. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது வெளி மாவட்டத்திலிருந்து ஒரு ரீச்சர் வந்தா. நியமனம் வேறொரு பாடத்துக்கு, வலைப்பந்து அவவின் ஆசை. பின்னேரம் மூன்றரைக்கு மைதானத்தில் நிற்பா. பந்துக்குக் காற்றடிப்பதும் அவ, கோடு போடுவதும் அவ, முழங்கால் உரிந்தால் மருந்து போடுவதும் அவ. அந்த வருசம் வலய மட்டத்தில் வென்று மாகாண மட்டம் வரை போனோம். அடுத்த தை மாதம் அவவுக்கு இடமாற்றம் வந்தது. பந்துகள் அலுமாரிக்குள் போயின. பத்தாம் வகுப்புக்கு வரும்போது அந்த அணியில் இரண்டு பேர்தான் மிச்சம். ரீச்சரில் ஒரு குறையும் சொல்ல மாட்டோம். அவவுக்கும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அவவின் ஊரும் தூரம். எங்கள் கோபம் வேறு இடத்தில். ஒரு ஊரின் பெண்கள் விளையாட்டு முழுவதையும் ஒரு மனுசியின் நல்ல மனதில் தொங்கவிட்டுவிட்டு, அந்த மனுசி போனதும் "பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதிவைக்கிறார்களே, அதில்தான் கோபம்.

இதைப் பற்றிப் பேசினால் ஊக்கப் பேச்சுக்காரர்கள் உடனே பாட் சமிட்டின் கதையை எடுத்துவிடுவார்கள். ஒரு தலைமைத்துவப் பயிற்சிப் பட்டறையில் வளவாளர் ஒருவர் எங்களுக்கும் அதைச் சொன்னார். 1974இல், 22 வயதில், அமெரிக்காவின் டெனசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பெடுத்தார் சமிட். மாதம் 250 டொலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியால் தோற்றார்கள். அங்கிருந்து தொடங்கி 38 பருவங்களில் 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். வளவாளர் இத்தோடு ஸ்லைட்டை மாற்றிவிட்டு, "ஆகவே பிள்ளைகளே, வசதி முக்கியமில்லை, மனசுதான் முக்கியம்" என்றார்.

கதை உண்மை. முடிவுதான் பொய். துவைத்த சீருடையைக் காட்டியவர் சட்டப் புத்தகத்தைக் காட்டவில்லை.

அவர் விட்டுவிட்ட பாதியை நாங்கள் சொல்கிறோம். சமிட் படிக்க வேண்டிய ஊர்ப் பாடசாலையில் பெண்கள் அணி இருக்கவில்லை. அதனால் அவருடைய குடும்பமே பக்கத்து மாவட்டத்துக்கு வீடு மாறிப் போனது. அவருடைய அண்ணன்மார் விளையாட்டுப் புலமைப்பரிசிலில் பல்கலைக்கழகம் போனார்கள். பெண்களுக்கு அப்படியொரு புலமைப்பரிசில் அப்போது கிடையாது என்பதால் அவருக்கு மட்டும் பெற்றோர் பணம் கட்டினார்கள். அதே மனசு, அதே குடும்பம், அதே பந்துதான். மாறியது எது? 1972இல் அமெரிக்காவில் 'ரைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். மத்திய அரசின் காசை வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் காரணமாக ஒருவரை ஒதுக்க முடியாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்கூட அதில் இல்லை. ஆனாலும் பெண்கள் அணிக்கு வரவுசெலவில் ஓர் இடம், புலமைப்பரிசில், முழுநேரப் பயிற்றுவிப்பாளர் என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. சமிட்டின் முதல் தேசியப் பட்டம் 1987இல். பொறுப்பெடுத்துப் பதின்மூன்றாம் வருசம். எங்கள் ரீச்சருக்குக் கிடைத்தது ஒரே வருசம்.

"முதல்ல படிப்பு, பிறகு விளையாட்டு" என்பவர்களுக்கும் அந்தக் கதையில் பதில் இருக்கிறது. சமிட்டிடம் முழுக் காலமும் விளையாடி முடித்த பெண்கள் எல்லோருமே பட்டம் பெற்றார்கள். வகுப்புக்கு வராதவளுக்கு ஆட்டத்தில் இடமில்லை என்பது அவருடைய சட்டம். பிள்ளையின் வருகையையும் புள்ளியையும் தினமும் கேட்கும் இன்னொரு பெரிய மனுசி கிடைத்தால் படிப்பு கெடுமா? ரியூசனுக்கு அனுப்பும் உம்மாமார் யோசியுங்கள்.

அந்தச் சட்டத்தைப் புனிதமாக்கவும் நாங்கள் வரவில்லை. 1972க்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதைப் பெண்கள்தான் பயிற்றுவித்தார்கள். சம்பளமும் மரியாதையும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சும்மா செய்யும்வரை பெண்ணின் வேலை, காசு வந்ததும் ஆணின் வேலை. இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? அதனால்தான் கோச் வேண்டும் என்று மட்டும் கேட்காமல், பெண் கோச் வேண்டும் என்று கேட்கிறோம்.

அமெரிக்கா பணக்கார நாடு, அந்தக் கணக்கு எங்களுக்குச் சரிவராது என்பீர்கள். சரி, மட்டக்களப்புக்கு வாங்க. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தைப் பற்றிப் பேசும் எவரும் யூஜின் ஹேபர்ட் அடிகளாரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. பல பத்து வருசம் கிழக்கிலேயே இருந்து பெடியன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமலாக்கப்பட்டார். ஒரு கோச் ஒரே இடத்தில் நின்றால் ஒரு சின்ன நகரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே உள்ள சாட்சி அவர். ஆனால் அவர் துறவி. குடும்பமில்லை, வாடகை வீடில்லை, சொந்த ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதும் தேவையில்லை. அப்படி ஒருத்தர் கடலைத் தாண்டி வரும்வரை எங்கள் தங்கச்சிமார் காத்திருக்க வேண்டுமா? துறவியின் இடத்தை ஒரு சம்பளப் பதவியால் நிரப்பலாம். அரசாங்கம் என்று ஒன்று இருப்பது அதற்குத்தானே.

"திறமை இருந்தால் தானாக மேலே வரும்" என்பது இன்னொரு பல்லவி. உடனே தர்ஜினி சிவலிங்கத்தைக் காட்டுவார்கள். நாங்களும் அவரைக் கொண்டாடுகிறோம். யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் பெண், 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியின் தூண், 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல் போட்டு எல்லா நாட்டு வீராங்கனைகளையும் முந்தியவர். அந்த இரண்டு தொடரிலும் அணியின் பயிற்றுவிப்பாளர் திலகா ஜினதாச, ஒரு பெண். ஆனால் தர்ஜினியின் உயரம் ஆறடி பத்தங்குலம். அவ்வளவு உயரமான பிள்ளையை யாரும் காணாமல் விட முடியாது. ஐந்தடி இரண்டங்குலத்தில் வேகமான கால்களோடு இருக்கும் பிள்ளையை யார் காண்பது? அவளைக் காண ஒரு ஆள் மைதானத்தில் தினமும் நிற்க வேண்டும். தர்ஜினிக்கே கூட, தேசிய மட்டத்தில் நிலைக்கக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது.

இனி, எல்லோரும் மெல்லிய குரலில் சொல்லும் காரணத்துக்கு வருவோம். "முஸ்லிம் ஊர் பாருங்க, பொம்பிளப் பிள்ளையள விளையாட விடமாட்டாங்க." இதை வெளியாட்களும் சொல்கிறார்கள், எங்கள் ஆட்களும் சொல்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் ஊர் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனது. எங்கள் மூவரின் உம்மாமாரும் அப்போது சின்னப் பிள்ளைகள். அங்கே காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாடசாலை, பின்னேரம் அகதிப் பிள்ளைகளுக்கு. விளையாட்டுக்குரிய நேரம் எது? பின்னேரம். அந்த நேரம் முழுக்க இவர்கள் வகுப்பில் இருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது இருட்டு. எங்கள் உம்மாமாரை விளையாட விடாமல் தடுத்தது மார்க்கமா? துப்பாக்கியும் நேரசூசியும்தான் தடுத்தன. விளையாடாத ஒரு தலைமுறை, பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும். அதைப் பண்பாடு என்று பெயர் வைத்து மூடிவிடாதீர்கள்.

தலைத்துணியும் அப்படித்தான். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் கட்டார் பெண்கள் கூடைப்பந்து அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. அமெரிக்காவில் பில்கிஸ் அப்துல் காதிர் பாடசாலைக் காலத்திலேயே 3,070 புள்ளிகள் எடுத்து மாநிலச் சாதனை வைத்தவர், பல்கலைக்கழக அணிகளில் ஹிஜாபோடு ஆடியவர். தொழில்முறை ஆட்டத்துக்குப் போக நினைத்தபோது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி அவரை மறித்தது. அந்த விதி 2017இல்தான் மாறியது. அதுவரை கதவு உள்ளே இருந்து பூட்டப்படவில்லை, வெளியே இருந்து பூட்டப்பட்டிருந்தது. திறந்து இத்தனை வருசமாகியும் பழைய பூட்டையே காட்டிக்கொண்டிருப்பது யாருக்கு வசதி?

எங்கள் ஊர்ப் பெற்றோர் கேட்பவை என்ன தெரியுமா? "கோச் ஆம்பிளையா பொம்பிளையா? மஹ்ரிபுக்கு முன்னம் வீட்ட வந்திருவாளா? வெளியூர் மெச்சுக்கு யார் கூட்டிப்போறது? கிரவுண்டுக்கு மதில் இருக்கா?" நான்குமே நியாயமான கேள்விகள். நான்குக்கும் நிர்வாகத்திடம் பதில் இருக்க வேண்டும். ஒரு பெண் கோச், ஒரு நேர ஒழுங்கு, ஒரு வேன், ஒரு மதில். இவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் பிள்ளைகள் வராவிட்டால் "சமூகம் விடாது" என்று சொல்லுங்கள். கொடுக்காமல் சொல்லாதீர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. மன்னார்த் தீவின் பெண்கள் படிக்கும் பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு பெண் பயிற்றுவிப்பாளர் பதவியை உருவாக்குங்கள். பாடம் படிப்பித்து முடித்த களைப்பில் செய்யும் உபதொழிலாக அது இருக்கக்கூடாது, அதுவே அவவின் வேலையாக இருக்க வேண்டும். ஐந்து வருசத்துக்கு இடமாற்றம் இல்லை என்று எழுதுங்கள். கூடவே அவ இங்கே வாழத் தங்குமிடமும் போக்குவரத்துப் படியும் கொடுங்கள். ஒரு சீமெந்துத் தளம் போடுங்கள். கூடைப்பந்துக்கு 28 மீற்றருக்கு 15 மீற்றர், வலைப்பந்துக்கு 30.5க்கு 15.25. இரண்டுக்கும் வளையத்தின் உயரம் ஒரே 3.05 மீற்றர்தான். ஒரே தளத்தில் இரண்டு நிறத்தில் கோடு கீறினால் இரண்டு விளையாட்டும் ஆடலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பெண்களின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்வதை 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அனுமதிக்கிறது. அனுமதி புத்தகத்தில் தூங்குகிறது.

பழைய மாணவர்களுக்கும் வெளிநாட்டிலிருக்கும் நானாமாருக்கும் ஒரு வார்த்தை. மூன்று நாள் சுற்றுப்போட்டிக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஆளுயரக் கிண்ணம் என்று செலவழித்த கணக்குப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அரசாங்கம் பதவியை உருவாக்கும்வரை அந்தக் காசை ஒரு பெண் கோச்சின் சம்பளமாகக் கொடுங்கள். பலன் என்ன என்று கேட்டால், கிண்ணத்தை எண்ணாதீர்கள். ஆறாம் வகுப்பில் மைதானத்துக்கு வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதினோராம் வகுப்பிலும் அங்கே நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

நாங்கள் மூன்று பேரும் இந்த வருசமும் பெயர் கொடுத்திருக்கிறோம். யூரியூப் பார்த்துப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகுகிறோம். இருபத்திரண்டு வயதில் இவ்வளவுதான் முடியும். ஊரில் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் தங்கச்சிமார் எங்களைப் போல பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வருகிற தை மாதம் யார் வருகிறார்கள்?